தொட்டி நிரம்பியது தெரியாத மோட்டர்

வாசகர் கேள்வி – பதில்

கிளவுட் (இன்டர்நெட் வழியாக வாடகைக்கு எடுக்கும் கணினிகள்) பில் பற்றி முன்பு ஒரு கேள்விக்குப் பதில் எழுதினாலும் எழுதினேன், இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதே கதைதான்: தேவைக்கேற்ப சேர்வரைக் கூட்டிக் குறைக்கும் கோட் எழுதினோம், அது நிற்காமல் சுற்றிவிட்டது. ஆகவே இந்த இதழ் முழுக்க அதுவே. மற்றக் கேள்விகள் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும், பிரிண்டர் பற்றிக் கேட்ட மானிப்பாய் அக்கா உட்பட.

கேள்வி: அண்ணா, கொக்குவிலில் ஒரு சின்ன மென்பொருள் கொம்பனியில் வேலை செய்கிறேன். சோதனைக்கு 10 சேர்வர் தேவைப்பட்டது, பைதனில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். தயாரான மெசின் பத்துக்குக் குறைவாக இருக்கும்வரை ஒரு மெசின் உருவாக்கு, 5 வினாடி பொறு, திரும்ப எண்ணு. இவ்வளவுதான் லூப். இரவு ஓடவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் 16 மெசின் ஓடுகிறது, லொக் ஃபைல் முழுக்க ஒரே எரர், ஸ்கிரிப்ட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, தயாரான மெசின் மட்டும் பூச்சியம். பத்துக் கேட்டால் பதினாறு எப்படி வந்தது? ஏன் பதினாறில் நின்றது? (பெயர் வேண்டாம், கொக்குவில்)

பதில்: தம்பி, உங்கள் வீட்டிலும் கிணற்று மோட்டர் இருக்கும், மேலே தொட்டி இருக்கும். மோட்டரைப் போட்டுவிட்டு, மிதவை மேலே வந்ததும் நிற்பாட்டலாம் என்று இருக்கிறீர்கள், அன்றைக்கென்று மிதவை சிக்கிக்கொண்டது. தண்ணீர் வழிந்து முற்றத்துப் பூக்கன்றெல்லாம் மிதந்தாலும் மிதவை "இன்னும் நிரம்பவில்லை" என்றே சொல்லும். உங்கள் லூப் பார்த்தது மிதவையை மட்டும். மோட்டர் எவ்வளவு நேரம் ஓடியது என்று ஒருவரும் எண்ணவில்லை.

ஒரு மெசின் எழும்பி, மென்பொருள் ஏறி, "நான் தயார்" என்று சொல்ல ஒரு நிமிடமாவது வேண்டும். நீங்களோ 5 வினாடிக்கு ஒன்று கேட்கிறீர்கள். முதல் நிமிடத்திலேயே பன்னிரண்டு கேட்டாகிவிட்டது, இன்னும் ஒன்றும் தயாராகவில்லை. ஆகவே எல்லாம் சரியாக நடந்திருந்தால்கூட பத்தைத் தாண்டியிருக்கும். உங்களுக்கு இன்னும் மோசம், ஒன்றுமே தயாராகவில்லை. மெசின் எழும்பும்போது ஓடும் ஸ்கிரிப்டில் ஏதோ பிழை இருக்கிறது என்று நினைக்கிறேன், அதைத் தனியாகப் பாருங்கள். பதினாறில் நின்றதற்குக் காரணம் உங்கள் கெட்டித்தனம் இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் கணக்கின் எல்லை 32 விசிபியூ (கிளவுட் எண்ணும் புரொசசர் அலகு) என்று இருக்கிறது, ஒவ்வொரு மெசினுக்கும் 2 விசிபியூ, பதினாறோடு கோட்டா முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கிளவுட் ஒவ்வொரு தடவையும் "கோட்டா முடிந்தது" என்று பதில் சொல்லியிருக்கிறது, உங்கள் கோட் அந்த எரரைப் பிடித்து, ஒரு வரி எழுதிவிட்டு, திரும்பப் போய்க் கேட்டிருக்கிறது. விடியும்வரை.

இதைத் திருத்துவது ஒரு வரி வேலை இல்லை, ஆனால் பெரிய வித்தையும் இல்லை. எத்தனை வந்தது என்று எண்ணுவதற்கு முதல் எத்தனை கேட்டோம் என்று எண்ணவேண்டும். பத்து வேண்டும் என்றால், கேட்டவை, எழும்பிக்கொண்டிருப்பவை, தயாரானவை மூன்றையும் கூட்டிப் பத்துக்குக் குறைவாக இருந்தால்தான் அடுத்ததைக் கேட்கலாம். அமேசனின் ஈசி2 (சேர்வர் வாடகைக்குத் தரும் சேவை) போன்ற இடங்களில் ஒன்றொன்றாகக் கேட்கவே தேவையில்லை, ஒரே கோரிக்கையில் குறைந்தது இத்தனை, கூடியது இத்தனை என்று சொல்லலாம், லூப்பே போய்விடும். (லூப்பைத் திருத்துவதிலும் பார்க்க லூப்பை எடுத்துவிடுவது எனக்கு எப்போதும் பிடிக்கும்.)

எண்ணிக்கையைக் கிளவுட்டிடம் கேட்டு வாங்காமல் நீங்களே வைத்திருங்கள். மெசினை உருவாக்கிய அடுத்த வினாடியே "என்னிடம் எத்தனை இருக்கிறது?" என்று கேட்டால் புதியது பட்டியலில் இல்லாமல் போகலாம். அது பிழை இல்லை, அந்தப் பட்டியல் சற்றுப் பிந்தித்தான் சேரும் என்று அமேசனே ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறது. உருவாக்கும்போது திருப்பித் தரும் அடையாள எண்ணை உங்கள் பட்டியலில் அப்போதே போட்டுவிடுங்கள். இன்னொன்று, எங்கள் ஊர் லைனில் கோரிக்கை போய்ச் சேர்ந்துவிடும், பதில் வரும்போது அறுந்துவிடும். அங்கே மெசின் பிறந்துவிட்டது, உங்களுக்குத் தெரியாது, இன்னொன்று கேட்கிறீர்கள். இதற்காகத்தான் கோரிக்கையோடு நீங்களே ஒரு தனி டோக்கன் அனுப்பும் வசதி இருக்கிறது. அதே டோக்கனோடு திரும்பக் கேட்டால் புதிதாக ஒன்றும் பிறக்காது, முதல் பிறந்ததையே காட்டும். ஒரு மெசினுக்கான டோக்கனை, அதைத் திரும்பத் திரும்பக் கேட்கும் லூப்புக்கு வெளியே உருவாக்கவேண்டும், உள்ளே உருவாக்கினால் ஒவ்வொரு சுற்றுக்கும் புது டோக்கன், பிரயோசனம் இல்லை. இந்தப் பிழையை நானே விட்டிருக்கிறேன்.

அப்புறம் எரர். எல்லா எரரும் ஒன்று இல்லை. "வேகமாகக் கேட்கிறாய், பொறு" என்றால் பொறுத்துத் திரும்பக் கேட்கலாம். "இந்த இடத்தில் இப்போது மெசின் இல்லை" என்றால் வேறு வலயத்தில் ஓரிரு தடவை பார்க்கலாம். "கோட்டா முடிந்தது", "உனக்கு அனுமதி இல்லை", "நீ கேட்ட மாதிரியே பிழை" என்றால் ஆயிரம் தடவை கேட்டாலும் அதே பதில்தான், அந்த இடத்திலேயே லூப்பை உடைத்து வெளியே வரவேண்டும். எந்த எரர் வந்தாலும் விழுங்கிவிட்டுப் போ என்று எழுதிய அந்த வரியை இன்றைக்கே அழியுங்கள்.

தயாராகாத மெசினை அழித்துவிட்டுப் புதிதாக எடுக்கும் கோட்டும் ஒரு லூப்தான், அதை மறந்துவிடுவார்கள். தொடர்ந்து மூன்று மெசின் தயாராகாமல் செத்தால் நாலாவதும் சாகும், பிழை மெசினில் இல்லை. அங்கே நின்று ஆளைக் கூப்பிடவேண்டும்.

கடைசியாக ஒரு காலக்கெடு. 15 நிமிடத்துக்குள் முடியாவிட்டால் கைவிடு, உருவாக்கியவற்றை அழி, எதை அழித்தாய் என்று எழுது. நேரத்தைச் சுவர் மணிக்கூடு போல அளக்காதீர்கள், கணினியின் நேரம் இடையில் திருத்தப்பட்டால் கணக்குக் குழம்பும். பைதனில் பின்னால் போகாத மொனொட்டோனிக் கடிகாரம் இருக்கிறது, அதை வைத்து அளவிடுங்கள். லூப்புக்குக் காலக்கெடு வைத்துவிட்டு உள்ளே நடக்கும் அழைப்புக்கு வைக்காமல் விட்டாலும் சிக்கல்தான். பைதனில் இணைய அழைப்புக்குப் பயன்படும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி நீங்கள் சொல்லாவிட்டால் காலக்கெடுவே வைக்காது, அந்த அழைப்பில் தொங்கிக்கொண்டு நின்றால் உங்கள் 15 நிமிடத்தைச் சரிபார்க்க யாரும் திரும்பி வரமாட்டார்கள்.

கேள்வி: 10 டொலருக்கு பட்ஜெட் அலாரம் வைத்திருந்தேன். அதைத் தாண்டியும் ஏன் நிற்கவில்லை? (சுன்னாகம்)

பதில்: அலாரம் அடிக்கும், கதவைப் பூட்டாது. அமேசனிலும் கூகிளிலும் பட்ஜெட் என்பது சாதாரணமாக ஒரு அறிவித்தல் மட்டும்தான். செலவுக் கணக்கும் உடனுக்குடன் வராது, மணித்தியாலக் கணக்கில் பிந்தும். நிற்கவேண்டும் என்றால் கோட்டாவைக் குறைத்து வையுங்கள். 2022 இல் பெற்றோலுக்குக் கியூஆர் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று தொடங்கினார்களே, உங்களைக் கூப்பிட்டு "கொஞ்சமாக அடியுங்கள்" என்று புத்தி சொல்லவில்லை, பம்பில் வைத்து எண்ணினார்கள். கோட்டா அந்த வகை. புதுக் கணக்கில் கோட்டா குறைவாக இருக்கிறது என்று கோபித்துக்கொண்டு உடனே கூட்டச் சொல்லிக் கடிதம் எழுதாதீர்கள்.

கேள்வி: நான் லூப்பே எழுதவில்லை. கலியாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோ ஒன்றுக்கு, படம் ஏற்றியதும் அதைச் சின்னதாக்கிச் சேமிக்கும் ஒரு லம்டா ஃபங்ஷன் (தேவைப்படும்போது மட்டும் அமேசன் ஓட்டும் சின்ன கோட்) எழுதினேன். ஒரு படம்தான் ஏற்றினேன், ஆயிரக்கணக்கில் ஓடிவிட்டது. எப்படி? (நெல்லியடி)

பதில்: சின்னதாக்கிய படத்தை எங்கே சேமித்தீர்கள்? அதே பக்கெட்டில் (அமேசனில் ஃபைல் வைக்கும் இடம்). அந்தப் பக்கெட்டில் படம் வந்தால் ஃபங்ஷன் ஓடவேண்டும் என்பது நீங்கள் போட்ட விதி. சின்னப் படமும் படம்தான், ஆகவே அதைச் சின்னதாக்க இன்னொருமுறை ஓடியது, அது இன்னொரு படத்தைப் போட்டது. இப்படியே மணமகளும் மாப்பிள்ளையும் முத்திரை அளவுக்கு வந்திருப்பார்கள். கோட்டில் லூப் இல்லை, ஆனால் கோட்டுக்கு வெளியே இரண்டு சேவைகளுக்கு நடுவில் இருக்கிறது, அதனால்தான் ஒரு ஃபைலை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு எவ்வளவு பார்த்தாலும் கண்ணில் படாது.

வந்த படத்துக்கு ஒரு பக்கெட், செய்த படத்துக்கு வேறு பக்கெட். இதற்கு மேலான மருந்து இல்லை. ஒரே பக்கெட்டில் வேறு ஃபோல்டர் என்று வைப்பவர்களும் உண்டு, ஒருநாள் ஃபோல்டர் பெயரை யாராவது மாற்றினால் பழைய கதை. அமேசன் 2023 இல் சில சேவைகளுக்கு இடையிலான சுழற்சியைத் தானே கண்டுபிடித்து, ஏறக்குறைய 16 சுற்றில் நிற்பாட்டும் வசதியைக் கொண்டுவந்தது, பக்கெட்டால் வரும் சுழற்சியைப் பிறகுதான் அதில் சேர்த்தது. நல்லதுதான், ஆனால் உங்கள் கோட்டில் அமேசனின் பழைய லைப்ரரி இருந்தாலோ, நடுவில் டைனமோடிபி (அமேசனின் தரவுத்தளம்) போன்ற வேறொரு சேவை வந்தாலோ அதன் கண்ணுக்குப் படாமல் போகும். நிலைமை கைமீறினால் முதலில் செய்யவேண்டியது, அந்த ஃபங்ஷன் ஒரே நேரத்தில் எத்தனை ஓடலாம் என்ற எண்ணைப் பூச்சியம் ஆக்குவது. கோட்டைத் திருத்தி ஏற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.

கேள்வி: லூப் நிற்காது என்று கம்பைலரே முன்கூட்டிச் சொல்லாதா? (அறிவியல் நகர், பொறியியல் மாணவன்)

பதில்: எந்தக் கோட்டைக் கொடுத்தாலும் இது நிற்கும், நிற்காது என்று சரியாகச் சொல்லும் ஒரு கோட்டை எழுதவே முடியாது என்று அலன் டியூரிங் 1936 இல் நிறுவிவிட்டார். அதைச் சாட்டாக வைத்து விரிவுரையாளரிடம் தப்பிக்கப் பார்க்காதீர்கள், எந்தக் கோட்டுக்கும் சொல்ல முடியாது என்பதற்கு உங்கள் கோட்டுக்குச் சொல்ல முடியாது என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் கட்டாயம் ஒன்று குறைந்து பூச்சியத்தில் முடியும் எண் ஒன்றை உங்கள் லூப்பில் காட்டுங்கள், அது நிற்கும். மீதி முயற்சிகள் என்று ஒரு எண் வைத்தாலே போதும். கிளவுட் கோட்டில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், லூப் நிற்பதை வெளியில் உள்ள ஒருவரின் பதில் தீர்மானிக்கிறது, அந்த ஆள் எப்போது என்ன சொல்வார் என்று உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: எரர் வந்தால் திரும்ப முயற்சி செய் என்கிறார்கள், முடிவில்லாமல் முயற்சிக்கக் கூடாது என்றும் சொல்கிறார்கள். எத்தனை தடவை, எவ்வளவு இடைவெளி? (திருநெல்வேலி, கம்பஸ் மாணவி)

பதில்: தங்கச்சி, இது பழைய கேள்வி. பழைய ஈதர்நெட் வயரில் (கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வயர்) இரண்டு கணினி ஒரே நேரத்தில் கதைத்தால் மோதும், அப்போது இரண்டும் ஏதோ ஒரு நேரம் பொறுத்துத் திரும்ப முயற்சிக்கும். மோத மோத, பொறுக்கும் நேரத்தின் வீச்சு இரட்டிப்பாகும், பத்துத் தடவைக்குப் பிறகு அந்த வீச்சு வளராது, பதினாறு தடவை தோற்றால் கைவிடும். இதில் மூன்று விஷயம் இருக்கிறது: இடைவெளி கூடவேண்டும், கூடுவதற்கு ஒரு உச்சம் வேண்டும், முயற்சிக்கும் ஒரு முடிவு வேண்டும். பலர் முதல் இரண்டை எழுதிவிட்டு மூன்றாவதை விட்டுவிடுவார்கள். குபர்நெட்டிஸில் (கொன்டெய்னர் என்ற பொட்டலங்களாக மென்பொருளை ஓட்டி மேய்க்கும் கருவி) ஒரு கொன்டெய்னர் விழுந்து விழுந்து எழும்பினால் 10 வினாடி, 20, 40 என்று பொறுத்து 5 நிமிடம் வரை போகும், ஆனால் கைவிடாது, மாதக்கணக்கில் விழுந்து எழும்பும். ஜொப் என்ற வகையில்தான் எல்லை இருக்கிறது, நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் 6.

"ஏதோ ஒரு நேரம்" என்றேனே, அது முக்கியம். 2022 இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம், கரண்ட் வந்த அந்த நிமிடத்தில் ஒழுங்கையில் உள்ள எல்லா மோட்டரும் ஒன்றாக இரையும், பிரிட்ஜும் சேரும், சில நேரம் வோல்டேஜ் விழுந்து திரும்பவும் எல்லாம் நிற்கும். ஆயிரம் புரோகிராம் ஒரே எரரைக் கண்டு, ஒரே 10 வினாடி பொறுத்து, ஒன்றாகத் திரும்பி வந்தால் கிளவுட்டுக்கும் அதே கதிதான். ஆகவே 10 வினாடி என்று பொறுக்காமல் பூச்சியத்துக்கும் பத்துக்கும் இடையில் ஏதோ ஒரு நேரம் பொறுக்கச் சொல்லுங்கள்.

எத்தனை தடவை என்றால், நான் ஐந்தோடு நிற்பேன். ஆனால் எண்ணுவதற்கு முதல் கீழே யார் எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். அமேசனின் பைதன் லைப்ரரி வழமையான அமைப்பில் தானாகவே ஐந்து தடவை வரை முயற்சிக்கும். அதன் மேல் நீங்கள் ஐந்து தடவை சுற்றினால் இருபத்தைந்து, உங்களைக் கூப்பிடுபவரும் ஐந்து தடவை சுற்றினால் நூற்றிருபத்தைந்து. ஏதாவது ஒரு அடுக்கில் மட்டும் முயற்சி செய்யுங்கள்.

கேள்வி: இதெல்லாம் எங்களைப் போன்ற சின்ன ஆட்களின் பிழைதானே? பெரிய கொம்பனிகளில் இப்படி நடக்குமா? (பருத்தித்துறை)

பதில்: நல்லாய் நடக்கும். 2025 ஒக்டோபர் 20, தீபாவளி, எங்கள் நேரப்படி மதியம் பன்னிரண்டு தாண்டியதும் அமேசனின் வட வர்ஜினியா நிலையத்தில் டைனமோடிபியின் பெயர் முகவரிப் பதிவு வெறுமையாகிவிட்டது. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு தானியங்கிகள் முந்திப் பிந்தி ஓடியதில், பிந்தியது பழைய திட்டத்தைப் புதியதன் மேல் எழுத, மற்றது அதைப் பழையது என்று அழித்துவிட்டது. அது பின்னேரம் மூன்று மணிக்குள் சரியாகிவிட்டது. ஆனால் புது மெசின் கொடுக்கும் வேலை முழுதாகச் சீராக நள்ளிரவு தாண்டிவிட்டது. எனக்கு அந்த இரண்டாவது பாதிதான் சுவாரசியம்.

மெசின் கொடுக்கும் பகுதியில், பின்னால் உள்ள ஒவ்வொரு நிஜ சேர்வரோடும் ஒரு குத்தகை வைத்துக்கொள்வார்கள், குறிப்பிட்ட நேரத்துக்குள் புதுப்பிக்கவேண்டும், புதுப்பிக்காத சேர்வரில் புது மெசின் வைக்கமுடியாது. டைனமோடிபி இல்லாத நேரத்தில் குத்தகைகள் மெல்ல மெல்லக் காலாவதியாகிவிட்டன. அது திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள், வரிசை அவ்வளவு நீளம், ஒரு வேலை முடிவதற்குள் அதன் நேரம் முடிந்துவிடும், அது திரும்ப வரிசையின் கடைசிக்குப் போகும், வரிசை இன்னும் நீளும். எல்லோரும் உழைக்கிறார்கள், ஒன்றும் நகரவில்லை. இதற்கு வைல் லூப் எழுதத் தேவையில்லை, முன்னேற்றம் இல்லாத சுழற்சி என்றால் அதுவும் முடிவில்லாத லூப்தான். கடைசியில் பொறியியலாளர்கள் உள்ளே வரும் வேலையைக் குறைத்து, குத்தகைகளை நடத்தும் சேர்வர்களில் சிலவற்றைத் திரும்ப எழுப்பி, வரிசையைக் காலி செய்துதான் மீட்டார்கள்.

இதில் எங்களுக்கு எடுக்கக்கூடியது ஒன்று இருக்கிறது. வரிசையில் நின்று காலாவதியான வேலையைச் செய்யாதீர்கள், எடுத்தவுடன் "இது இன்னும் யாருக்காவது தேவையா?" என்று பார்த்து, இல்லையென்றால் வீசிவிடுங்கள். அடுத்தது, லூப் ஓடுகிறதா என்று கண்காணிப்பதைவிட ஏதாவது முடிகிறதா என்று கண்காணியுங்கள். கடைசி 5 நிமிடத்தில் எத்தனை மெசின் தயாரானது? பூச்சியம் என்றால் சிபியு எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் அலாரம் அடிக்கவேண்டும்.

கேள்வி: கொழும்பு பஸ் சீட் பதிவு செய்யும் தளம் ஒன்றைப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் சேர்வர் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று ஆடிக்கொண்டே இருக்கிறது. சேர்வரின் சுமை 70 வீதம் தாண்டினால் கூட்டு, 65 இலும் குறைந்தால் குறை என்று வைத்திருக்கிறேன். (சாவகச்சேரி)

பதில்: ஒரு கடதாசியில் போட்டுப் பாருங்கள். இரண்டு சேர்வர், ஆளுக்கு 72 வீதம். மூன்றாவது வருகிறது, அதே சுமை மூன்றாகப் பிரிந்தால் ஆளுக்கு 48. அது 65 இலும் குறைவு, ஆகவே ஒன்றைக் குறைக்கிறீர்கள், திரும்ப 72. உங்கள் இரண்டு விதியும் ஒன்றை ஒன்று துரத்துகின்றன. குறைக்கும் எல்லையை 30 க்குக் கொண்டுவாருங்கள், ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது 70 பாதியாகி 35 க்கு வந்தாலும் அதில் சிக்காது. தானாக நிற்கும் மோட்டருக்குத் தொட்டியில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கம்பி விடுவது இதற்காகத்தான், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டால் மோட்டர் டிக் டிக் என்று அடித்துக் கருகிப்போகும். கூட்டுவதைக் கெதியாகவும் குறைப்பதை ஆறுதலாகவும் செய்யுங்கள். குபர்நெட்டிஸ் சுமையை 15 வினாடிக்கு ஒருமுறை பார்த்தாலும், குறைப்பதற்கு முதல் 5 நிமிடக் கணக்கைப் பார்த்துத்தான் குறைக்கும்.

கேள்வி: இந்த லூப்பெல்லாம் நிற்குமா என்று காசு செலவழிக்காமல் எப்படிச் சோதிப்பது? (கொக்குவில் தம்பியின் இரண்டாவது கடிதம்)

பதில்: பொய்க் கிளவுட் ஒன்று எழுதுங்கள். உண்மைக் கிளவுட்டைக் கூப்பிடும் இரண்டு மூன்று ஃபங்ஷனை ஒரு பக்கம் ஒதுக்கி, அந்த இடத்தில் பொய் சொல்லும் ஃபங்ஷனை வையுங்கள். ஒன்று, எதைக் கேட்டாலும் "எழும்பிக்கொண்டிருக்கிறது" என்று மட்டும் சொல்லும், ஒருநாளும் தயார் என்று சொல்லாது. இன்னொன்று எப்போதும் கோட்டா எரர் தரும். மூன்றாவது மெசினை உருவாக்கித் தரும், ஆனால் பட்டியல் கேட்டால் வெறும் பட்டியல் காட்டும். பொறுக்கும் 5 வினாடியையும் நேரம் அளக்கும் கடிகாரத்தையும் பொய்யாக்கிவிடுங்கள், 15 நிமிடம் ஒரு வினாடியில் ஓடிவிடும். மூன்றுக்கும் உங்கள் லூப் தானாக நிற்கவேண்டும், பத்துக்கு மேல் ஒருபோதும் கேட்டிருக்கக்கூடாது. நீங்கள் முதல் அனுப்பிய கோட் மூன்றிலும் நிற்காது, நான் ஓட்டிப் பார்த்தேன்.

அமேசனைப் போலவே நடிக்கும் பைதன் லைப்ரரி ஒன்று ஏற்கனவே இருக்கிறது, பெயர் மோட்டோ (எங்கள் கிணற்று மோட்டருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை). அதையும் பயன்படுத்துங்கள், ஆனால் அது சொன்னபடி கேட்கும் நல்ல பிள்ளை, கேட்ட மெசினை உடனே தந்துவிடும். பொய் சொல்லும் பிள்ளையை நீங்கள்தான் எழுதவேண்டும்.